உங்கள் வீட்டு மீனின் முழுப் பெயர் என்ன?

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் நாலைந்து வண்ண மீன்கள். பட்டணத்து வீடுகளில் இது சாதாரணக் காட்சி. குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். அப்பா வாங்கிக் கொடுப்பார். அப்புறம் தொட்டியைத் தேய்ப்பதும், தண்ணீர் மாற்றுவதும், வேளை தவறாமல் தீனி போடுவதும் அம்மாவின் பொறுப்பாகிவிடும்! அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கும் சகோதரிகளை ஒரு கேள்வி கேட்கலாமா? உங்கள் வீட்டு மீனின் பெயர் என்ன?

"கப்பி", "டெட்ரா", "ஜீப்ரா", "ஏஞ்சல்", "சக்கர்" என்று பதில் வரும். கொளத்தூர்க் கடைவீதியில் மீன் வாங்கும்போது கடைக்காரர் சொன்ன பெயர்கள் அவை. தப்பில்லை. ஆனால் இவையெல்லாம் செல்லப் பெயர்கள். வீட்டில் நாம் பாப்பா, அம்பி, குஞ்சு என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி. தெருவுக்கு நாலு பாப்பா இருப்பார்கள். வீட்டுக்குள் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது "பாப்பா" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாத்தியார் சும்மா விடுவாரா? "முழுப் பெயர் என்ன? இனிஷியல் என்ன?" என்று கேட்க மாட்டாரா?

மீன் விஷயத்திலும் அதே கதைதான். "ஏஞ்சல்" என்று உங்கள் தொட்டியில் ஒய்யாரமாக மிதக்கிறதே, அது தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பிரதேசத்து மீன். நல்ல தண்ணீரில் வாழ்வது. கடலில், பவழப் பாறைகளுக்கு நடுவே, இன்னொரு "ஏஞ்சல்" இருக்கிறது. அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். இரண்டுக்கும் குடும்பமே வேறு. பெயரை மட்டும் நம்பி ஒன்றின் தொட்டியில் மற்றொன்றை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பனையேறிய கெண்டை

நம் தமிழ்ப் பெயர்கள் மட்டும் என்ன, சளைத்தவையா? "பனையேறிக் கெண்டை" என்று ஒரு மீன். எவ்வளவு அழகான பெயர்! பனை மரத்தின் மேலேயே ஏறிவிடும் என்பது நம்பிக்கை. தரங்கம்பாடி டென்மார்க் தேசத்தாரின் வசம் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, 1791-ல் இந்த மீன் பனை மரத்தில் ஏறுவதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாக எழுதினார். 1797-ல் லண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. மரம் ஏறும் கதையைப் பிற்காலத்து நிபுணர்கள் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போவது நிஜம்.

பெயரில் "பனையேறி" என்பது போகட்டும். "கெண்டை" என்பது சரியா? சரியில்லை என்கிறது விலங்கியல். கெண்டை வகை மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். பனையேறிக்கோ செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அதைக் கொண்டு அது நேராகக் காற்றையே சுவாசிக்கும். அதனால்தான் தண்ணீரை விட்டு வெளியே வந்தும் உயிரோடு இருக்கிறது. உங்கள் தொட்டியில் இருக்கும் "ஃபைட்டர்", "கௌராமி" இரண்டுக்கும் அதே உறுப்பு இருக்கிறது. ஆகவே பனையேறிக்குச் சொந்தக்காரர்கள் கெண்டைகள் அல்ல, ஃபைட்டரும் கௌராமியும்தான்.

இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? லாபம் இருக்கிறது. ஃபைட்டர் மீன் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறப்பது பசியினால் அல்ல, மூச்சு வாங்குவதற்காக என்பது புரிந்துவிடும். அதன் ஜாடியை விளிம்பு வரைக்கும் தண்ணீரால் நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடிவிட மாட்டீர்கள். மீனின் குலம் தெரிந்தால் அதன் குணம் தெரியும். குணம் தெரிந்தால் வளர்ப்பது சுலபம்.

குலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிறத்தைப் பார்த்து அல்ல. நிறம் ஏமாற்றும். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். குஞ்சில் ஒன்று, வளர்ந்தபின் வேறொன்று. ஆகவே நிபுணர்கள் எண்ணுகிறார்கள். பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில்கள், துடுப்பில் எத்தனை முட்கள், பல் எங்கே இருக்கிறது, மீசை உண்டா, எலும்பு எப்படி அமைந்திருக்கிறது என்று பொறுமையாகக் கணக்கெடுக்கிறார்கள். இந்தக் காலத்தில் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நீங்களே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நியான் டெட்ராவும் ஜீப்ராவும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் பளபளக்கும் கோடுகள். பூதக்கண்ணாடியை வைத்து உற்றுப் பாருங்கள். நியானின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சதைத் துணுக்குப் போல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். ஜீப்ராவுக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக வாயோரத்தில் மெல்லிய மீசை இருக்கும். ஒன்று தென் அமெரிக்க வம்சம். மற்றொன்று நம் இந்தியக் கெண்டை வம்சம்.

இரண்டு சிநேகிதர்கள்

இந்தக் கணக்கெடுப்பு முறையை மீன்களுக்கு ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர் ஸ்வீடன் தேசத்து இளைஞர் ஒருவர். பீட்டர் ஆர்ட்டெடி என்று பெயர். உப்சாலா சர்வகலாசாலையில் அவருக்கு ஓர் ஆப்த நண்பர் இருந்தார். அவர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லின்னேயஸ். இருவரும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்: "நம்மில் யார் முதலில் கண்ணை மூடினாலும், மற்றவர் அவருடைய எழுத்தை வெளியிட வேண்டும்."

வாலிப வயதில் விளையாட்டாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று யார் கண்டார்கள்? 1735-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். ஆர்ட்டெடி ஆம்ஸ்டர்டாம் நகரில் ஸீபா என்ற தனவந்தர் சேகரித்திருந்த மீன்களை ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஓர் இரவு அவர் வீட்டிலிருந்து திரும்பும்போது, இருட்டில் கால் தவறிக் கால்வாயில் விழுந்து இறந்தார். மீன்களுக்காகவே வாழ்ந்தவருக்குத் தண்ணீரிலேயே முடிவு! வயது 30 தான். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர், பாக்கிப் பணம் வந்தாலொழியக் காகிதங்களைத் தரமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். லின்னேயஸ் தமக்கு ஆதரவாக இருந்த ஒரு செல்வரைக் கொண்டு பணத்தைக் கட்டி, கையெழுத்துப் பிரதிகளை மீட்டு, 1738-ல் நண்பரின் பெயராலேயே புஸ்தகத்தை வெளியிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

அதன் பிறகு 1758-ல் லின்னேயஸ் எல்லாப் பிராணிகளுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதல் சொல் வீட்டுப் பெயர். இரண்டாவது சொல் ஆளின் பெயர். விலங்குகளின் பெயர்க் கணக்கு இன்றைக்கும் அந்த வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பெண்களுக்குக் கல்யாணமானதும் இனிஷியல் மாறுகிறதல்லவா? மீனுக்கும் அப்படி நேரும். "இந்த மீன் அந்த வீட்டைச் சேர்ந்ததல்ல, இந்த வீட்டைச் சேர்ந்தது" என்று ஆராய்ச்சியில் தெரிந்தால், முதல் சொல்லை மாற்றிவிடுவார்கள். இரண்டாவது சொல்லுக்கு, விகுதி வேண்டுமானால் சற்று மாறலாமே தவிர, ஆபத்தில்லை. பிறந்த வீட்டில் வைத்த பெயர் பெண்ணோடேயே போவது மாதிரி!

ஒரே ஒரு நாள்!

பெயர் வைப்பதில் கண்டிப்பான சட்டம் ஒன்று இருக்கிறது. யார் முதலில் அச்சில் வெளியிட்டாரோ, அவர் வைத்த பெயர்தான் செல்லும். பின்னால் வந்தவர் எவ்வளவு பெரியவரானாலும், அவர் வைத்த பெயர் எவ்வளவு அழகானாலும், பிரயோஜனமில்லை.

கப்பியின் கதையைக் கேளுங்கள். டிரினிடாட் தீவில் கப்பி என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அவர் ஒரு குட்டி மீனைப் பிடித்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த குந்தர் என்ற நிபுணர் 1866-ல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார். ஆனால் அதே மீனுக்கு பெர்லினில் பீட்டர்ஸ் என்பவர் 1859-லேயே, வெனிசூலாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து, "பீசிலியா ரெட்டிகுலேட்டா" என்று பெயர் வைத்திருந்தார். வலைப் பின்னல் போன்றது என்று பொருள். ஏழு வருஷம் முந்தியது பீட்டர்ஸின் பெயர். ஆகவே அதுதான் சாசுவதம். பதிவேட்டிலிருந்து கப்பியின் பெயர் போய்விட்டது. ஆனால் பாருங்கள், உலகம் முழுவதும் ஜனங்கள் அந்த மீனைக் "கப்பி" என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார்கள்! முழுப் பெயரில் தோற்றவர் செல்லப் பெயரில் ஜயித்துவிட்டார்.

ஏழு வருஷ வித்தியாசமாவது பரவாயில்லை. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் நடந்த போட்டியும் உண்டு. நியானைப் போலவே, ஆனால் அடிவயிறு முழுவதும் இரத்தச் சிவப்பாக ஜொலிக்கும் "கார்டினல் டெட்ரா" 1950-களில் அமெரிக்காவுக்கு வந்தது. பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். இரண்டு இடங்களில் அதற்குப் பெயர் வைக்கும் வேலை நடந்தது. ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் மையர்ஸ், வைட்ஸ்மன் என்ற இருவர் "கார்டினாலிஸ்" என்று பெயர் சூட்டினார்கள். வாஷிங்டனில் ஷுல்ட்ஸ் என்பவர், மீன் வளர்ப்போருக்கான பத்திரிகை நடத்தி வந்த ஆக்ஸெல்ராட் என்பவரின் பெயரால் "ஆக்ஸெல்ராடி" என்று சூட்டினார்; அந்தப் பத்திரிகையிலேயே கட்டுரையும் வெளியாயிற்று. பத்திரிகை வெளியான தேதி 1956 பிப்ரவரி 20. ஸ்டான்ஃபோர்ட் வெளியீட்டின் தேதி பிப்ரவரி 21! வழக்கு, விலங்குப் பெயர்களுக்கென்றே உள்ள சர்வதேச ஆணையத்தின் முன் போயிற்று. ஒரு நாள் முந்திய பெயர் நிலைத்தது.

"இது என்ன, படித்தவர்களின் வீண் சண்டை!" என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும்; ஒரே பெயரில் ஒன்பது மீன் இருக்கும். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதற்கு முன்னால், நம் ஊர்ப் பக்கத்துப் பெயர்கள் உலகப் பதிவேட்டில் ஏறிய சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

வயல் மீனின் வாழ்வு

கிழக்கிந்தியக் கம்பெனியில் பிரான்ஸிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் இருந்தார். கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் அவர் ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். பெயர் வைக்க லத்தீன் அகராதியைப் புரட்டிக் கொண்டிராமல், பல மீன்களுக்கு அந்தந்த ஊர் ஜனங்கள் சொன்ன பெயரையே வாங்கி லத்தீன் சட்டை மாட்டிவிட்டார். நம் ஜீப்ரா மீனுக்கு அவர் தந்த பெயர் "ரெரியோ". அதன் வீட்டுப் பெயரான "டானியோ"வும், நெல் வயலைக் குறிக்கும் வங்காளிச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த வயல் மீன்தான் இன்று உலகெங்கும் வைத்திய ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கப்படுகிறது. மனிதனுடைய மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணையானவை அதனிடமும் இருப்பதாக 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஓடும் அரியாங்குப்பம் ஆறும் விட்டுப் போகவில்லை. அங்கே கிடைத்த ஒரு குட்டி மீனுக்குப் பிரெஞ்சு நிபுணர் கூவியே 1831-ல் "குபானஸ்" என்று பெயர் வைத்தார். குப்பம்தான் குபானஸ் ஆயிற்று! அதுவும் காற்றைச் சுவாசிக்கும் ஃபைட்டர் வம்சத்தைச் சேர்ந்தது. அன்னிய தேசங்களில் ஆசையோடு தொட்டியில் வளர்க்கிறார்கள்.

"மிஸ் கேரளா" யார்?

இப்போது அந்த உதாரணத்துக்கு வருவோம். சென்னை ராஜதானியில் ராணுவ வைத்தியராக இருந்த பிரான்ஸிஸ் டே என்பவர், திருவிதாங்கூர் மலையடிவாரத்தில் முண்டக்கயத்திலிருந்து கிடைத்த ஓர் அழகிய மீனை 1865-ல் விவரித்தார். அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் ஸர் வில்லியம் டெனிஸன். அவர் பெயரால் மீனுக்கு "டெனிசோனியை" என்று பெயர் வைத்தார். மூக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே தலை முதல் வால் வரை கறுப்புக் கோடு. வாலில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். பட்டுப் புடவைக்குக் கரை போட்ட மாதிரி இருக்கும்.

130 வருஷ காலம் இந்த மீன் மலையாளத்து ஆறுகளில் நிம்மதியாக இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் அலங்கார மீன் வியாபாரிகள் கண்ணில் பட்டது. "மிஸ் கேரளா" என்று செல்லப் பெயர் சூட்டினார்கள். வந்தது வினை! வெளிநாடுகளில் கிராக்கி ஏற ஏற, ஆறுகளிலிருந்து அள்ள ஆரம்பித்தார்கள்.

இதற்கு நடுவில் 1999-ல் விலங்கியல் நிபுணர்கள் ஓர் உண்மையைச் சொன்னார்கள். சாலக்குடி ஆற்றில் இருப்பது அசல் டெனிசோனியை அல்ல. அதைப் போலவே இருக்கும் வேறோர் இனம். முதுகுத் துடுப்பில் ஒரு கருந்திட்டு இருக்கும். வாயின் அமைப்பும் வேறு. அதற்கு "சாலக்குடியென்சிஸ்" என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். 2013-ல் இரண்டுக்கும் சேர்த்துப் புது வீட்டுப் பெயரும் கிடைத்தது: "சஹ்யாத்ரியா". மேற்குத் தொடர்ச்சி மலையின் பழைய பெயர் அது. ஆனால் வியாபாரத்தில்? இரண்டும் "மிஸ் கேரளா" தான். ஒரே கூடை, ஒரே விலை.

இதில் உள்ள அபாயத்தை யோசித்துப் பாருங்கள். சாலக்குடி மீன் குறைந்து போனாலும், கூடையில் மற்ற ஆற்று மீன் வந்து நிரம்பிவிடும். கணக்கில் குறை தெரியாது. ஓர் இனம் அழிந்துகொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. 2005 முதல் 2012 வரை, அபாயத்தில் உள்ள 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட நன்னீர் மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும் பங்கு இந்த இரண்டு மீன்களுடையது. இரண்டும் அழியும் அபாயத்தில் உள்ளவையாக உலகச் சிவப்புப் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றன. 2008-ல் கேரள அரசு, சில மாதங்களில் இவற்றைப் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்த மாதங்கள் மீன் சினை வைக்கும் காலத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் கண்டார்கள். காப்பாற்ற நினைத்தால் மட்டும் போதாது. யாரைக் காப்பாற்றுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்.

செல்லப் பெயரால் மீனுக்குக் கேடு வருவது போல, ஏரிக்கும் கேடு வரும். "சக்கர்" என்றும், தொட்டியைத் துடைக்கும் மீன் என்றும் சொல்லி ஒரு கறுப்பு மீனை விற்கிறார்களே, அது தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி வம்சம். வாங்கும்போது விரல் நீளந்தான். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும்! தொட்டி கொள்ளாமல் போனதும், "பாவம், கொல்ல மனம் வரவில்லை" என்று ஏரியிலோ குளத்திலோ கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகி, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. வலை வீசும் ஏழை மீனவருக்கு விலை போகாத மீனே மிஞ்சுகிறது. உங்கள் இரக்கத்தில் குறையில்லை. ஆனால் வாங்கும்போதே அதன் குலம் கோத்திரம் தெரிந்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திராது.

ஆகையால், சகோதரிகளே, அடுத்த தடவை மீன் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் முழுப் பெயர் என்ன? வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா? "மிஸ் கேரளா"வைக்கூட இப்போது பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஆற்றில் அள்ள வேண்டிய அவசியமில்லை. முதல் நாள் கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் அவர் தெரிந்து வைத்துக்கொள்வார். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு வாங்கும் நமக்கு, உயிருள்ள ஒரு ஜீவனைப் பற்றி இவ்வளவு கேட்பது பெரிய காரியமா என்ன?